ஸ்மார்ட் போர்டா, டேப்லெட்டா, புரொஜெக்டரா? பழுது பார்ப்பவர் யார் என்று முதலில் கேளுங்கள்

பழைய மாணவர் சங்கத்தார் பள்ளிக்கு ஏதாவது செய்ய முன்வந்தபோது, தலைமையாசிரியர் அந்தப் பொறுப்பை எங்களிடமே விட்டுவிட்டார். "வகுப்பறைக்கு என்ன வேண்டுமோ நீங்களே பேசி முடிவெடுங்கள், தாளாளரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்" என்றார். எங்களுடையது அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி. நான் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். ஆசிரியர் அறையில் மூன்று யோசனைகள் எழுந்தன. சுவரில் மாட்டும் தொடுதிரை, அதாவது எல்லோரும் ஸ்மார்ட் போர்டு என்று சொல்வது ஒன்று. பிள்ளைகள் கையில் டேப்லெட் கொடுப்பது இன்னொன்று. மூன்றாவது, ஒரு மடிக்கணினியும் புரொஜெக்டரும் வாங்கிக்கொண்டு கரும்பலகையை அப்படியே வைத்துக்கொள்வது.

நாங்கள் மூன்றாவதை எடுத்தோம். இன்று யார் கேட்டாலும் நான் அதையேதான் சொல்வேன். பல பள்ளிகளில் இப்போது இதே பேச்சு நடக்கிறது. கம்பெனிக்காரர் வந்து செய்து காட்டும் அரை மணி நேரத்தை வைத்தே பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். இதயம் துடிப்பதைப் படத்தில் ஓடவிட்டால் பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். வரைபடத்தில் இமயமலையைப் பெரிதாக்கிக் காட்டலாம். வராத பிள்ளைக்குப் பாடத்தை அனுப்பலாம். கூடவே கவனம் சிதறும், கண் வலிக்கும், கையெழுத்து கெடும் என்ற கவலைகளும் உண்டு. நல்லதில் பெரும்பகுதி மூன்று கருவிகளுக்கும் பொது. பாடமும் அப்படித்தான். நம் பாடநூல்களில் இருக்கும் கியூஆர் குறியீடு, தீக்‌ஷா என்ற அரசுக் கல்வித் தளம், 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பதிவுகள், மணற்கேணி செயலி, கணக்குக்கு இலவசமாகக் கிடைக்கும் ஜியோஜீப்ரா மென்பொருள், இவற்றில் எதற்கும் விலை உயர்ந்த பலகை தேவையில்லை. "எங்கள் பலகையோடு ஆயிரக்கணக்கான வீடியோ பாடம் தருகிறோம்" என்று விற்பவர் சொன்னால், அவை நம் பாடத்திட்டத்தில் தமிழ் வழியில் இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள்.

டேப்லெட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனென்றால் ஒரு வகுப்பு முழுக்க அதை வைத்து நான் தொடர்ந்து பாடம் நடத்தியதில்லை. படித்ததை வைத்துச் சொல்கிறேன். பெரு நாட்டில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி கொடுத்ததன் பலனை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை. மாறாக, டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் மென்பொருளை வைத்து நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், நாலரை மாதத்திலேயே கணக்கில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அந்த மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று பார்த்து அதற்கேற்ற கேள்வியைக் கொடுக்கும். பள்ளி விட்ட பிறகு நடந்த மையங்கள் அவை. மென்பொருளோடு சிறு குழுவாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்தார். ஆக, கருவியைக் கையில் கொடுப்பது மட்டும் போதாது. பிள்ளையின் நிலைக்கு ஏற்ற பாடமும் பக்கத்தில் ஓர் ஆளும் வேண்டும். நாற்பது டேப்லெட்டுக்குத் தினமும் சார்ஜ் போட ஒருவர் வேண்டும் என்பதிலேயே எங்கள் பேச்சு முடிந்துபோனது. படிப்பில் பின்தங்கிய ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் தனியாகப் பயிற்சி கொடுக்க நினைக்கும் பள்ளி, இதை ஒதுக்கிவிட வேண்டாம்.

உண்மையான போட்டி ஸ்மார்ட் போர்டுக்கும் புரொஜெக்டருக்கும்தான்.

ஸ்மார்ட் போர்டின் சிறப்புகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாலும் படம் பளிச்சென்று தெரியும். சுவிட்சைப் போட்டால் போதும், வயர் தேடும் வேலை இல்லை. எழுதியதை அப்படியே பிடிஎஃப் ஆக்கி வகுப்புக் குழுவில் போட்டுவிடலாம். தொடக்க வகுப்புப் பிள்ளைகள் விரலால் இழுத்து எழுத்தைச் சேர்க்கும் விளையாட்டுகளில் அதற்கு ஈடு இல்லை. ஒன்று முதல் ஐந்து வரை மட்டும் உள்ள பள்ளி என்றால் என் முடிவு வேறாகக்கூட இருந்திருக்கலாம்.

ஆனால் அளவைப் பாருங்கள். எங்களுக்கு வந்த விலைப்பட்டியலில் கைக்கு எட்டியது 65 அங்குலப் பலகை. அது மூலைக்கு மூலை அளவு. அகலம் ஐந்தடிகூட வராது, உயரம் இரண்டே முக்கால் அடிக்குள்தான். கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கு அதில் ஓடும் பின்ன எண்கள் தெரியாது. புரொஜெக்டரில் 100 அங்குலத்துக்கு விரித்தால் ஏழடிக்கு மேல் அகலம் கிடைக்கிறது, விலையோ மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட.

இன்னொன்று, செய்து காட்டும் அன்று யாருக்கும் தோன்றாத விஷயம். எங்கள் ஆசிரியர்களிடம் இருக்கும் வினாத்தாள், குறிப்பு, பயிற்சித்தாள் பெரும்பாலும் வானவில், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்தவை. மடிக்கணினியில் எழுத்துரு இருப்பதால் சரியாகத் திறக்கும். அந்த எழுத்துரு இல்லாத, ஆண்ட்ராய்டில் ஓடும் பலகையில் பென் டிரைவைச் செருகித் திறந்தால், தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்து வந்து நிற்கும். எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக மாற்றினால் தீரும்தான். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும் தமிழாசிரியர் அதை யாரிடம் கேட்டுச் செய்வார்? விண்டோஸ் கணினிப் பெட்டியைப் பலகைக்குள் செருகிக்கொள்ள முடியும். அதற்கு விலை தனி.

பலகை மாட்டினால் கரும்பலகையின் நடுப்பகுதி போய்விடும். கணக்கு ஆசிரியருக்கு இது சாதாரண இழப்பு இல்லை. ஒரு தேற்றத்தை நிரூபிக்கும்போது முதல் வரி முதல் கடைசி வரி வரை பிள்ளைகளின் கண் முன்னால் இருக்க வேண்டும். திரையில் அடுத்த பக்கம் போனால் முந்தைய பக்கம் மறைந்துவிடுகிறது.

புரொஜெக்டரை நான் எப்படிப் பயன்படுத்துகிறேன் என்று சொன்னால் வித்தியாசம் புரியும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் வரைபடத்துக்கு 8 மதிப்பெண், செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண். ஜியோஜீப்ராவில் பின்னணியைக் கறுப்பாகவும் கட்டக் கோடுகளை வெள்ளையாகவும் மாற்றி, வெள்ளைச் சுவருக்குப் பதில் நேராகக் கரும்பலகையின் மேலேயே படத்தை விழ வைக்கிறேன். கரும்பலகையே பெரிய வரைபடத்தாள் ஆகிவிடுகிறது. பிள்ளைகளே வந்து சாக்பீஸால் புள்ளி வைக்கிறார்கள்.

y = x² + x − 2 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். x = −1 என்றாலும் x = 0 என்றாலும் y = −2. இந்த இரண்டு புள்ளிகளையும் அளவுகோல் வைத்து நேர்கோட்டால் இணைக்காத பிள்ளை அபூர்வம். அடிப்பக்கம் தட்டையான கிண்ணம் மாதிரி பரவளையம் வரும். இணைத்து முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு ஒரு பட்டனைத் தட்டுவேன். சாக்பீஸ் கோட்டின் மேலேயே கணினி வரைந்த வளைவு வந்து விழும். மற்ற இடமெல்லாம் ஏறக்குறைய ஒத்துப்போகும். அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் மட்டும் ஒளிக்கோடு கீழே இறங்கி மேலே ஏறும். "சார், நடுவுல இன்னும் கீழ போகுது" என்று கோடு போட்ட மாணவியின் குரல் வரும். x = −½ போட்டுப் பார் என்பேன். −2¼ என்று கண்டுபிடித்து, தன் கோட்டைத் தானே துடைத்துத் திருத்துவாள். துடைக்கும்போது கட்டம் அழிவதில்லை, அவள் கோடு மட்டுமே அழிகிறது. ஸ்மார்ட் போர்டிலும் இதைச் செய்யலாம், ஆனால் எட்டடிக் கரும்பலகையில் மூன்று பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று போடுவது அதில் நடக்காது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது இது ஒன்றுதான்: உத்தரவாதக் காலம் முடிந்த மறுநாள் கருவி நின்றுபோனால் என்ன ஆகும்?

ஸ்மார்ட் போர்டில் திரை, கணினி, ஒலிபெருக்கி, தொடு உணர்வு எல்லாம் ஒரே உடம்பில் இருக்கின்றன. ஒன்று போனால் மொத்தமும் முடங்கும். பெரும்பாலான பலகைகளில் தொடுதல் அகச்சிவப்புக் கதிரால் வேலை செய்கிறது. சட்டத்தின் நான்கு ஓரங்களிலும் கதிரை அனுப்புவதும் வாங்குவதும் வரிசையாக இருக்கும். விரல் கதிரை மறைக்கும் இடத்தைப் பலகை கண்டுகொள்கிறது. சாக்பீஸ் தூள் அந்த ஓரத்தில் படிந்தாலோ ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டாலோ அதையும் விரல் என்றே எடுத்துக்கொள்ளும். யாரும் தொடாமலேயே கோடு இழுக்கும், பக்கம் தாவும். உலர்ந்த துணியால் ஓரத்தைத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இது தெரியாமல் பலகை கெட்டுவிட்டது என்று மூடி வைத்திருக்கும் வகுப்பறைகள் உண்டு. மின்னழுத்தம் ஏறி இறங்கி, உள்ளே இருக்கும் முக்கிய சர்க்யூட்டான மதர்போர்டு போனால்தான் சங்கடம். எங்களுக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் அப்படித்தான் ஆனது. விற்றவர் பாகம் வெளியிலிருந்து வர வேண்டும் என்றார், பிறகு போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். ஊர் டிவி மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, இந்த மாடல் போர்டு தன்னிடம் கிடைக்காது என்று மூடிவிட்டுப் போனார். திரையே உடைந்தால் மாற்றும் செலவு புதுப் பலகையின் விலையை நெருங்கும். கரும்பலகையை எடுத்துவிட்டுப் பலகையை மாட்டிய அந்தப் பள்ளியின் சுவர், இப்போது இரண்டும் இல்லாமல் நிற்கிறது.

புரொஜெக்டர் ஏற்பாட்டில் ஒவ்வொன்றும் தனித்தனி. கிரைண்டரில் பெல்ட் அறுந்தால் பெல்ட்டை மட்டும் மாற்றுவது மாதிரி, போனதை மட்டும் மாற்றினால் போதும். முதலில் போவது அநேகமாக மடிக்கணினியைப் புரொஜெக்டரோடு இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிள். மேசைக்கும் கூரைக்கும் நடுவில் இழுபட்டு முனை தளர்ந்துவிடும். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையிலேயே புதிது கிடைக்கிறது. மடிக்கணினி படுத்தால் யாராவது ஒரு ஆசிரியர் தன்னுடையதைக் கொண்டுவந்து அன்றைய பாடத்தை ஓட்டிவிடலாம். எல்லாமே நின்றுபோனாலும் கரும்பலகை இருக்கிறது, பாடம் நிற்காது.

புரொஜெக்டருக்கும் நோய்கள் உண்டு. அதன் பெரிய எதிரி சாக்பீஸ் தூளும் திடீர் மின்வெட்டும். காற்று போகும் வழியிலுள்ள சல்லடையில் தூசி அடைத்தால் சூடேறித் தானாகவே அணைந்துவிடும். மாதம் ஒருமுறை கழற்றித் தட்டிச் சுத்தம் செய்ய ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். எங்கள் பள்ளியில் அறிவியல் ஆய்வக உதவியாளர் செய்கிறார். பல்பு வகைப் புரொஜெக்டரை ரிமோட்டில் அணைத்த பிறகும் உள்ளே விசிறி சிறிது நேரம் சுற்றிப் பல்பைக் குளிர்விக்கும். மணி அடித்ததும் மெயின் சுவிட்சையே தட்டிவிட்டால் பல்பின் ஆயுள் குறையும். மின்வெட்டிலும் இதே கதைதான். கணினிக்குப் போடும் சின்ன யுபிஎஸ் ஒன்றைச் சேர்த்துவிட்டால் குளிர்வதற்குத் தேவையான நேரம் கிடைத்துவிடும். பல்புக்கு 3,000 முதல் 5,000 மணி நேரம் வரை ஆயுள் சொல்கிறார்கள். வருடத்துக்கு 200 நாள், நாளைக்கு 3 மணி என்று ஓட்டினால் 600 மணி. 4,000 மணிப் பல்பு ஆறு வருடம் தாண்ட வேண்டும். 20,000 மணி என்று விற்கும் லேசர் புரொஜெக்டர்கள் விலை கூடினாலும் பல்பு மாற்றும் தொல்லை இல்லாதவை. பணம் இருந்தால் அதையே பார்க்கலாம். நான் அதை ஓட்டிப் பார்த்ததில்லை.

வெளிச்சம்தான் தீராத குறை. மேற்குப் பார்த்த வகுப்பில் மதியத்துக்கு மேல் படம் வெளுத்துவிடும். மார்ச் மாத வெயிலில் ஜன்னலைச் சாத்திவிட்டு நாற்பது பிள்ளைகளை உட்கார வைப்பது பாவம். கரும்பலகைக்குப் பக்கத்திலுள்ள ஜன்னலுக்கு மட்டும் கெட்டித் துணித் திரை போட்டோம். ஜியோஜீப்ராவில் கோடுகளைத் தடிமனாக்கி வைத்துக்கொள்கிறேன். வீடியோ பாடங்களைக் காலைப் பாடவேளைகளுக்கு மாற்றிக்கொண்டோம். உங்கள் வகுப்பறையில் நாள் முழுக்க நேர் வெயில் அடிக்கிறது, திரையும் போட முடியாது என்றால் ஸ்மார்ட் போர்டுதான் வழி.

அப்படி வாங்குவதாக இருந்தால் கரும்பலகையை நடுவில் பிடுங்காமல் பலகையைப் பக்கச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள். ஆர்டர் கொடுக்கும்போதே உத்தரவாதம் எத்தனை வருடம், அதில் திரையும் சேருமா, பழுது பார்க்க ஆள் எந்த ஊரிலிருந்து எத்தனை நாளில் வருவார், மதர்போர்டு கிடைப்பதற்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாரண்டி அட்டையையும் ரசீதையும் பள்ளி அலுவலகக் கோப்பில் வையுங்கள், பொறுப்பாசிரியர் மாறுதலாகிப் போகும்போது அவர் பீரோ சாவியைத் தேட வேண்டியிருக்காது. நன்கொடை கொடுப்பவர்களிடமும் கூச்சப்படாமல் கேளுங்கள்: கருவி வாங்கும் பணத்தில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென்று வங்கியில் தனியாகப் போட்டு வைக்க எங்கள் பழைய மாணவர்கள் மறுப்பேதும் சொல்லாமல் ஒத்துக்கொண்டார்கள். கேபிள், யுபிஎஸ் பேட்டரி, சல்லடை எல்லாம் இன்றுவரை அதிலிருந்துதான் வாங்குகிறோம்.