வராத நோய்க்கு ஒதுக்கிய பணம்

இதய அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கட்டிய அரசை ஒரு குடும்பமே கும்பிடும். டெங்கு எட்டிப் பார்க்காத தெருவில் யாரும் யாரையும் கும்பிடுவதில்லை. அதனால் கஜானாவில் முடை என்றால் முதலில் கை வைப்பது நோய்த்தடுப்புப் பணத்தில்தான். எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதோடு, ஒதுக்கியதைத் திரும்ப எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்றும் பார்க்க வேண்டும்.

எடுப்பது சுலபம் என்பதற்கு அமெரிக்கா சாட்சி. ஒபாமா காலத்து 2010 சுகாதாரச் சட்டம் நோய்த்தடுப்புக்கென்றே தனி நிதியம் அமைத்து, பத்தாண்டுகளுக்கு 1,500 கோடி டாலர் என்று எழுதியே வைத்தது. 2012-இல் அதிலிருந்து சுமார் 625 கோடியை வெட்டினார்கள். எதற்கு? முதியோர் காப்பீட்டில் மருத்துவர்களுக்குத் தரும் கட்டணம் குறையாமல் இருக்க! ஒரு சட்டம் போட்ட பூட்டை அடுத்த சட்டம் திறந்துவிட்டது.

தாய்லாந்து கொஞ்சம் சாமர்த்தியமாக யோசித்தது. 2001-இல் தொடங்கிய அதன் சுகாதார மேம்பாட்டு நிதியத்துக்கு, மது, புகையிலை மீதான கலால் வரிக்கு மேல் 2 சதவீதம் கூடுதலாக வசூலாகி நேரே போய்ச் சேர்கிறது. ஆண்டுதோறும் பட்ஜெட்டில் கையேந்தத் தேவையில்லை. குடி குறைந்தால் வரவும் குறையும் என்ற முரண் இருக்கட்டும். அந்தக் கவலை வருமளவுக்குக் குடி குறைந்தால் நல்லதுதான். ஆனால் 2016 ஜனவரியில் ராணுவ அரசு நிதியத்தின் நிர்வாகக் குழுவிலிருந்து ஏழு பேரை நீக்கியது. பெட்டி பத்திரம், சாவிக்கொத்துதான் கை மாறியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1987-இலேயே புகையிலை வரியில் இதேபோல் ஒரு அமைப்பைத் தொடங்கியது. 1997-இல் மாநிலங்கள் அப்படி வசூலிப்பது செல்லாது என்று அந்நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம் சொல்ல, அதுவும் கருவூலத்தின் தயவுக்கு வந்து சேர்ந்தது.

தமிழ்நாட்டில் இப்படி நிதியமும் இல்லை, தனி வரியும் இல்லை. 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டமும், 2022-இல் நூற்றாண்டு கொண்டாடிய தனி இயக்குநரகமும் இருக்கின்றன. பணம் பொது பட்ஜெட்டிலிருந்து வருகிறது. பெரும்பங்கு சம்பளமாகப் போகிறது. இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதுவே பலமாகப் படுகிறது. நிதியத்தை ஒரே திருத்தத்தில் பாதியாக்கலாம்; கிராம சுகாதார செவிலியரையும் சுகாதார ஆய்வாளரையும் அப்படிப் பாதியாக்க முடியுமா? கர்ப்பிணி எத்தனை பேர், தடுப்பூசி யாருக்கு பாக்கி என்று அந்த செவிலியரிடம் பதிவேடு இருக்கிறது.

2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆட்சி மாறி, 2012-இல் புதுப் பெயரில் தொடர்ந்தது. உயிர் காக்கும் திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் படுக்கையில் விழுந்த பிறகுதான் அந்த அட்டைக்கு வேலை; கொசுப்புழுவுக்கு அட்டை கிடையாது. வாக்கு கேட்க வருபவர்கள் எந்தத் திட்டத்தைச் சொல்லிக் கேட்பார்கள் என்பதும் தெரிந்ததே.

ஆகவே சட்டம், தனி வரி, சம்பளப் பட்டியல் என்ற மூன்று பூட்டுகளில் எனக்குப் பிடித்தது கடைசிப் பூட்டு. அதற்கும் ஒரு ஓட்டை உண்டு. பணியிடத்தை ஒழிக்க முடியாவிட்டாலும் நிரப்பாமல் போட்டுவைக்கலாம், நிரந்தர வேலையைத் தற்காலிகமாக்கலாம். வீடு வீடாக வந்து தண்ணீர்த் தொட்டியில் டார்ச் அடித்துக் கொசுப்புழு தேடும் பணியாளர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களுக்குத் தினக்கூலி.