நிலக்கரி லாரிக்கு எதிரா: கலெக்டர் மனுவா, பசுமைத் தீர்ப்பாயமா?

எங்க தெருவுல நிலக்கரி லாரி போனா காயப்போட்ட வேட்டியில கருப்பா படியுது, கொழந்தைங்க ராத்திரி பூரா இருமுதுங்க, அதான் ரெண்டு வழியையும் விசாரிச்சு எழுதுறேன்.

செலவு: திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துல மனுவுக்கு காசே இல்ல. சுற்றுச்சூழல் வழக்குகள விசாரிக்கிற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துல இழப்பீடு கேக்காத வழக்குன்னா 1,000 ரூபா, வக்கீல் இல்லாம நாமளே பேசலாம்.

நேரம்: மனு ஒரு நாள் வேலை, ரசீத பத்திரமா வைங்க. தீர்ப்பாயத்துல வழக்கு போட 6 மாசக் கெடு இருக்கு, அத கோட்டை விட்டுடாதீங்க.

பலன்: தார்ப்பாய் மூடணும், ஸ்கூல் நேரத்துல லாரி வேணாம்னா மனு போதும். போக்குவரத்தையே நிறுத்தணும்னா தீர்ப்பாயம், கோர்ட்டுன்னு வழக்குதான் போடணும், சென்னைத் துறைமுகத்துல நிலக்கரிய 2011ல நிறுத்துனது ஹைகோர்ட் உத்தரவு, ஆனா அந்த சரக்கு எண்ணூருக்குப் போச்சு, அங்கயும் மனுஷங்கதான இருக்காங்க, அதனால கேக்கும்போது இன்னொரு ஊர் தலையில விழாத மாதிரி கேளுங்க.