அத்தை பேரனுக்குக் கோதடி, அலுவலகத் தோழிக்குப் பேட்ச்வொர்க்: மும்பையில் யாருக்கு எதைத் தைப்பது?

மும்பைத் தமிழ் வீடுகளில் யாராவது கையால் போர்வை தைத்துப் பரிசளிக்கப் போவதாகச் சொன்னால், பேச்சு சீக்கிரமே இரண்டு வகைகளில் வந்து நிற்கும். ஒன்று, பழைய புடவைகளை அடுக்கி மேலே ஓட்டுத் தையல் போடும் மராட்டியக் கோதடி. இன்னொன்று, புதுத் துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, நடுவில் பஞ்சு ஷீட் வைத்துத் தைக்கும் அமெரிக்க வகைப் பேட்ச்வொர்க் குயில்ட். வீடியோக்களில் அதிகம் காட்டப்படுவது இரண்டாவது என்பதால், புதிதாக ஊசி எடுப்பவர்கள் அதில்தான் இறங்குகிறார்கள். என் கட்சி வேறு. சொந்தக்காரர்களுக்கு என்றால் கோதடிதான் முதலில். நண்பர்களுக்கு என்றால் பேட்ச்வொர்க். பெறுபவர் யார் என்பதை வைத்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும்.

முதலில் ஊரைப் பார்ப்போம். ஜனவரி விடியற்காலையில்கூட இங்கே குளிர் சராசரியாக 17 டிகிரி அளவில்தான். போர்வைக்கு உண்மையான வேலை ஏசி அறையில், அப்புறம் மழைக்காலத்தில். ஜூன் முதல் செப்டம்பர் வரை துவைத்த துணி காய்வதே பெரிய பாடு. பஞ்சடைத்த ரஜாய் இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது. அதைத் துவைக்கவும் முடியாது, ஈரம் ஏறினால் பூஞ்சை வாசனை போகவும் போகாது. டெல்லியில் இருக்கும் சித்தப்பாவுக்கு ரஜாய் அருமையான பரிசு. செம்பூரில் இருக்கும் சித்திக்கு அது பரண் சாமான். கோதடியில் இருப்பது வெறும் புடவை அடுக்குகள் மட்டுமே. பால்கனியில் வெயில் வராவிட்டாலும் ஃபேனுக்கு அடியில் விரித்தால் காய்ந்துவிடும். பேட்ச்வொர்க்கில் பாலியஸ்டர் ஷீட் வைத்தால் அதுவும் சீக்கிரம் காயும், ஆனால் உடம்பு வேர்க்கும். பருத்தி ஷீட் வைத்தால் வேர்க்காது, காய நேரம் பிடிக்கும்.

துணிக் கணக்கு கோதடியில் மிகவும் எளிது. ஐந்தரை மீட்டர் புடவையை நீளவாக்கில் நான்காக மடித்தால் ஏறத்தாழ 54 அங்குல நீளம், 45 அங்குல அகலத்தில் நான்கு அடுக்கு கிடைக்கும். ஒரே புடவையில் ஒரு குழந்தைக் கோதடி முடிந்தது. இரட்டைக் கட்டிலுக்கு வேண்டும் என்றால், ஒரு புடவையைப் பாதியாக வெட்டி இரண்டையும் பக்கம் பக்கமாக இணைத்தால் 108-க்கு 90 அங்குலத்தில் ஓர் அடுக்கு வரும். அப்படி மூன்று அடுக்கு இந்த ஊருக்குப் போதும். ஓரத்திலிருந்து தொடங்கி, ஒரு விரல் அகல இடைவெளியில் வரிசை வரிசையாக உள்நோக்கித் தைத்துக்கொண்டு போக வேண்டும். அளவு ரூலரோ கட்டரோ மிஷினோ தேவையில்லை. தையல் கொஞ்சம் கோணினால் கண்ணில் படாது.

பேட்ச்வொர்க்கில் கணிதம் விடாது. ஒவ்வொரு துண்டிலும் தையலுக்குக் கால் அங்குலம் விடுவது வழக்கம். அதில் ஒரு வீசம், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கூடினாலும் இரண்டு துண்டிலுமாகச் சேர்ந்து ஒரு தையலுக்கு அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) அங்குலம் போய்விடும். எட்டுத் தையல் தாண்டுவதற்குள் ஓர் அங்குலம் குறைந்து, பக்கத்து வரிசையோடு மூலை சேராது. மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது சாதாரண வீட்டு மிஷினில் மேல் துணி நகர்ந்துகொண்டே போகும். மேல் துணியையும் கீழ்த் துணியையும் ஒன்றாக இழுக்கும் வாக்கிங் ஃபுட் என்ற மிஷின் பாகத்தை வாங்கிப் போட வேண்டும். துணியை முதலிலேயே நனைத்துக் காய வைத்து இஸ்திரி போடாவிட்டால், முதல் துவையலில் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கும். இத்தனையையும் தாங்கி முடித்த குயில்ட்டைப் பிரித்துப் பார்க்கும்போது வரும் வண்ண ஒழுங்கு வேறு எதிலும் வராது. அதை நான் மறுக்கவே மாட்டேன்.

அப்படியிருந்தும் பேட்ச்வொர்க்கை நண்பர்களுக்கு ஒதுக்குவதற்குக் காரணம் துணிதான். நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணிதான் போடுவோம். பாட்டி கட்டிக் கட்டி மெத்தென்று ஆன சுங்குடியோ கோயம்புத்தூர் காட்டனோ குழந்தை உடம்பில் பட வேண்டும் என்று பெரியவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். அதே துணி கோதடியாகப் போனால் அத்தை கண்ணில் நீர் வரும். அலுவலகத் தோழியின் கல்யாணத்துக்கு நம் பாட்டி கட்டிய புடவையைக் கொண்டுபோய் நீட்ட முடியுமா? அவர் நல்லவராக இருந்தாலும் அவர் மாமியார் ஒரு மாதிரி பார்ப்பார். மங்கல காரியத்துக்குப் பழந்துணி கூடாது என்பது நாம் வளர்ந்த வழக்கம். அங்கே கோடித்துணிதான் மரியாதை. மங்கள்தாஸ் மார்க்கெட்டிலோ தாதர் ஹிந்த்மாதாவிலோ நல்ல பருத்தியாகப் பார்த்து எடுங்கள். கறுப்பைத் தவிர்த்துவிட்டு, ஒரு மூலையில் மஞ்சள் தடவிக் கொடுத்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

நடுவில் ஒரு வழியும் உண்டு. தையல் கூடங்களில் மிஞ்சும் துண்டுத் துணியைச் சிந்தி என்று கிலோ கணக்கில் விற்பார்கள். யாரும் உடுத்தாத துணி, விலையும் குறைவு. ஆனால் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்து கிடக்கும். ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும்.

இந்தச் சிந்தித் துணிக்கு மிகப் பொருத்தமானது, பலருக்கும் தெரியாத கவந்தி என்னும் போர்வை. கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கக் காடுகளை ஒட்டி வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகத்துப் பெண்கள் தைப்பது இது. அடித்துணியின் ஒரு மூலையில் தொடங்கி, துண்டுகளின் ஓரத்தை மடித்து வைத்து அப்படியே ஓட்டுத் தையலால் பிடித்து, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிப் போவார்கள். வெட்டி அளந்து இணைக்கும் வேலையே கிடையாது. நான்கு மூலையிலும் மடித்த துணியால் சின்ன முக்கோணப் பூக்கள் வைப்பார்கள். பேட்ச்வொர்க்கின் நிறமும் கோதடியின் சுதந்திரமும் ஒன்றாக வேண்டும் என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். வங்காளத்துக் காந்தாவும் அழகுதான். ஆனால் அத்தனை நெருக்கமான சின்னத் தையலைப் படுக்கை அளவுக்குப் போட ஆரம்பித்தால் கொடுக்க நினைத்த விசேஷம் கடந்துவிடும். தோளில் போடும் சால்வை அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கோதடிக்கு என்று சில எச்சரிக்கைகள் உண்டு. பட்டைச் சேர்க்காதீர்கள். பழைய பட்டு மடிப்பில் கிழியும், ஜரிகை உடம்பைக் கீறும். அடர்சிவப்பு, நீலப் புடவைகளைத் தனியாக ஊறவைத்து, தண்ணீரில் சாயம் இறங்குவது நிற்கும்வரை அலசிய பிறகே வெள்ளையோடு அடுக்க வேண்டும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சல்லடையாகத் தெரியும் பகுதியை உள் அடுக்குக்குத் தள்ளிவிடுங்கள். எடையும் யோசிக்க வேண்டியது: காட்டன் புடவை ஒன்று அரைக் கிலோ அளவு வரும், நான்கு சேர்ந்தால் இரண்டு கிலோ. ஊருக்கு விமானத்தில் போகிறவர் கையில் கொடுத்தனுப்ப நினைத்தால் இதைச் சொல்லிவிடுவது நாகரிகம்.

கைக்குழந்தைக்கு எதைத் தைத்தாலும் ஒன்றைத் தாயிடம் நேரடியாகச் சொல்லுங்கள். ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தையின் மேலோ பக்கத்திலோ தளர்வான போர்வை, குயில்ட் எதுவும் இருக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை, மூச்சு முட்டும் ஆபத்து இருக்கிறது. விழித்திருக்கும்போது தரையில் விரித்துக் குப்புறவிட்டு விளையாட வைக்கலாம். அந்த வேலைக்கு மெத்தென்ற குயில்ட்டைவிடத் தட்டையான கோதடி மேல்.

நேரமே இல்லை என்றால், புடவைகளைக் கொடுத்துத் தைத்து வாங்குவதிலும் குறையில்லை. கூலிக்குக் கோதடி தைக்கும் மராட்டியப் பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் கை வேகமும் ஒழுங்கும் நமக்கு வராது. கூலியில் பேரம் பேசாதீர்கள். பின்பக்க மூலையில் பெறுபவர் பெயரையும் வருஷத்தையும் மட்டும் நீங்களே தைத்துக் கொடுங்கள்.

தை மாதக் கல்யாணம் என்றால் இரட்டைக் கட்டில் பேட்ச்வொர்க்குக்கு ஆடியிலேயே துணியை நனைத்துவிட வேண்டும். வளைகாப்பு அன்று சேதி தெரிந்தால்கூட, குழந்தை வருவதற்குள் ஒரு புடவைக் கோதடி தாராளமாக முடியும்.