பத்துத் தாள், அழிக்க வழியில்லை: தன்னை அறிய இன்ஸ்டாக்ஸ் மினி 12 எந்த அளவுக்கு உதவும்?

கைப்பேசியில் எடுத்த படம் பிடிக்கவில்லையா, உடனே அழித்துவிடலாம். தன் மனத்தை அறிவதற்காகப் படம் எடுப்பவருக்கு அந்த வசதியே இடைஞ்சல். அழிக்கக் கை போகிற படத்தைத்தான் அவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஃபியூஜிஃபிலிம் 2023இல் கொண்டுவந்த இன்ஸ்டாக்ஸ் மினி 12, எடுத்த படத்தை அப்போதே தாளில் தரும் கேமரா. அதில் ஒரு ஃபிலிம் பெட்டிக்குப் பத்தே தாள். நெகட்டிவ் கிடையாது, நீக்கும் பொத்தானும் கிடையாது. இந்த வேலைக்கு இதைப் பரிந்துரைக்க முதல் காரணம் அதுதான்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். சிகிச்சையாளர் ஒருவர் படங்களைக் கொண்டு நடத்தும் சிகிச்சையும், ஒருவர் தானாகச் செய்துபார்க்கும் பயிற்சியும் வேறு வேறு என்று கனடாவின் உளவியலாளர் ஜூடி வைசர் பிரித்துக் காட்டியிருக்கிறார். இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி மட்டும்.

இந்தக் கேமராவின் உண்மையான பலம், படம் தெளிய எடுக்கும் ஏறக்குறைய 90 வினாடி. பொத்தானை அழுத்தியதும் வெளியே வரும் தாளைப் பார்க்காமல் கவிழ்த்து வையுங்கள். ஆட்ட வேண்டாம். படம் தெளிவதற்குள் நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள்: எதை எடுத்தேன், அழுத்தும்போது உடம்பில் என்ன இருந்தது. பிறகு திருப்பிப் பாருங்கள். ‘காலி நாற்காலி’ என்று எழுதியிருப்பீர்கள். படத்தின் ஓரத்தில், நீங்கள் கவனிக்காத ஒரு ஜோடிச் செருப்பு இருக்கும். எழுதியதும் படமும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே மூன்றாவது வரியை எழுதுங்கள். கைப்பேசியில் இது நடக்காது, படம் உடனே வந்துவிடும். ஒருமுறை பயன்படுத்தும் ஃபிலிம் கேமராவிலும் நடக்காது, கழுவி வாங்குவதற்குள் அந்த நேரத்து மனநிலை போய்விடும்.

ஒரு வாரத்துக்கு ஒரு பெட்டி போதும். ஏழு நாளுக்கு ஏழு தாள், மிச்சம் மூன்றும் உங்களுக்கே: முகம், கை, நிழல். லென்ஸ் பக்கத்தில் சின்னக் கண்ணாடி இருப்பதால் முகம் சட்டத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

இனி தாள் வீணாகும் இடங்கள். லென்ஸைத் திருகினால் கேமரா இயங்கும். இன்னும் கொஞ்சம் திருகினால் 30 முதல் 50 சென்டிமீட்டர் கிட்டத்தில் எடுப்பதற்கான அமைப்பு. அதை மறந்துவிட்டுக் குத்துவிளக்கையோ அம்மாவின் கையையோ கிட்டத்தில் எடுத்தால் படம் மங்கிவிடும். ஃபிளாஷை அணைக்கவே முடியாது. சாமி அறையில் கண்ணாடிச் சட்டம் போட்ட தாத்தா படத்தை நேருக்கு நேர் எடுத்தால் நடுவில் வெள்ளைப் பொட்டுதான் விழும். பக்கவாட்டில் சாய்ந்து நில்லுங்கள். ஃபிளாஷ் எட்டுவது 2.2 மீட்டர் வரைதான். இரவில் பினாங்கின் லெபோ பசார் கடைத்தெருவையே பிடிக்க நினைத்தால் தூரத்தில் உள்ளதெல்லாம் இருட்டாகிவிடும். உச்சி வெயிலில் நேர்மாறு. கடலுக்குள் நீளும் செவ் ஜெட்டி மரத்துறையின் பலகையும் கடலும் வெளுத்துப்போகும், ஷட்டரின் அதிகபட்ச வேகம் 1/250 வினாடி என்பதால். காலை ஒன்பதுக்குள் போங்கள், அல்லது ஐந்தரைக்குப் பிறகு. மதியம்தான் நேரம் கிடைக்கும் என்றால் கடைவீட்டு ஐந்தடி நடைபாதையின் நிழல் நன்றாக வரும்.

பினாங்கு வெயிலில் காருக்குள் ஃபிலிம் பெட்டியை விட்டுப் போகாதீர்கள், நிறம் கெட்டுவிடும். கடைசித் தாள் வரும்வரை பின்கதவைத் திறக்கவும் கூடாது. தாளை வெட்டி ஆல்பத்தில் ஒட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். உள்ளே இருப்பது தோலை அரிக்கும் காரப் பசை. தேதியைக் கீழே உள்ள வெள்ளை ஓரத்தில் அழியாத மார்க்கரால் எழுதுங்கள், ஜெல் பேனா இழுபடும். படத்தின் அளவு 62க்கு 46 மில்லிமீட்டர்தான். அது குறையில்லை, உள்ளங்கையில் வைத்துப் பார்க்க அந்த அளவே நல்லது. உண்மையான குறை ஃபிலிம் செலவு. அது மாதாமாதம் வரும். கேமரா விலையை மட்டும் கணக்குப் போட்டு வாங்காதீர்கள்.

கூர்மையான படம் வேண்டுபவருக்கு இது ஏற்றதல்ல. அண்மையில் ஒருவரை இழந்தவர்கள், பழைய குடும்பப் படத்தைத் தொட்டாலே மூச்சு முட்டுகிறவர்கள், இதைத் தனியாகத் தொடங்க வேண்டாம். ஆலோசகர் ஒருவருடன் சேர்ந்து செய்யுங்கள். பயிற்சியின் நடுவில் மனம் தாங்கவில்லை என்றால் கேமராவை மூடிவைத்துவிட்டு, மலேசியச் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555ஐ அழையுங்கள். மிச்சத் தாள் கேமராவுக்குள்ளேயே இருக்கட்டும்.