பிஎன்பிஎம், பிளேரைட்: நீண்ட நாள் புழக்கத்துக்குப் பின்

சோழிங்கநல்லூரில் எங்கள் குழு ஒரு கட்டண வசூல் தளத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பராமரிக்கிறது. பேக்கேஜ்களை, அதாவது பிறர் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்புகளை, நிறுவ பிஎன்பிஎம், உலாவியைத் தானாக இயக்கி இடைமுகத்தைச் சோதிக்க பிளேரைட் என்று மாறிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இரண்டும் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அவற்றின் கறார்தான்.

ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான நிறுவல் கருவியான என்பிஎம் பெரும்பாலான பேக்கேஜ்களை நோட் மாட்யூல்ஸ் கோப்புறையின் மேல்மட்டத்திலேயே கொட்டிவைக்கும். வேறொரு பேக்கேஜோடு ஒட்டிக்கொண்டு வந்ததைக்கூட நம் நிரல் எடுத்தாளலாம். அடுத்த பதிப்பில் அது கழன்றுகொண்டால் தளம் படுத்துவிடும். பிஎன்பிஎம் அதற்கு இடமே தருவதில்லை, திட்டத்தின் தேவைப் பட்டியலான பேக்கேஜ்.ஜேசனில் அறிவிக்காததை 'கிடைக்கவில்லை' என்று முதல் நாளே சொல்லிவிடுகிறது. இறக்கிய பதிப்புகளை வட்டில் ஒரே இடத்தில் சேமித்து எல்லாத் திட்டங்களுக்கும் பகிர்வதால் இடமும் மிச்சம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் மின்சாரம் வந்தும் இணையம் வராதபோது, அந்தச் சேமிப்பை வைத்தே ஆஃப்லைனில் நிறுவி வேலையைத் தொடர்ந்தோம். பிஎன்பிஎம்மின் 10ஆம் பதிப்பு முதல், சார்பு பேக்கேஜ்கள் நிறுவும்போது ஓட்டப் பார்க்கும் ஸ்கிரிப்டுகள் நாம் அனுமதித்தால்தான் ஓடும். இது பெரிய நிம்மதி.

பிளேரைட்டில், பொத்தானைச் சொடுக்கச் சொன்னால் அது தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, வேறெதுவும் மறைக்கிறதா என்று பார்த்த பிறகே சொடுக்கும். 'மூன்று நொடி காத்திரு' என்ற வரிகளுக்கு இனி வேலையில்லை. பொத்தானை, தோற்றத்துக்காக வைத்த சிஎஸ்எஸ் வகுப்பால் தேடாமல் அதன் பங்கையும் (பொத்தானா, இணைப்பா என்பது) பெயரையும் கொண்டு தேடுகிறோம். திரைவாசிப்பானுக்கு அந்தப் பெயர் எட்டாவிட்டால் சோதனையும் தோற்கும். பார்வையற்ற பயனர்களுக்காகவே இதை நான் வலியுறுத்துகிறேன்.

தமிழுக்கு ஸ்கிரீன்ஷாட் ஒப்பீடு கட்டாயம் வேண்டும். ஆங்கிலத்தில் 'பே' என்று மூன்றெழுத்தில் முடிகிற பொத்தான் தமிழில் 'கட்டணம் செலுத்துக' என்று நீள்கிறது. 360 பிக்சல் அகலத் திரையில் அது இரண்டு வரியாக உடைந்து, கீழிருந்த 'ரத்து செய்' இணைப்பைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டது. மற்ற சோதனைகள் எல்லாம் பச்சை, படம்தான் காட்டிக்கொடுத்தது. சோதனைகள் ஓடும் லினக்ஸ் கன்டெய்னரில் (தனித்து ஒதுக்கிய சூழல்) நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள்தான் தெரியும். ஒப்பிடும் மூலப் படத்தையும் அதே கன்டெய்னரில்தான் எடுக்க வேண்டும். எழுத்துகள் இயங்குதளத்துக்கு இயங்குதளம் சற்று மாறித் தெரியும்.

ஐபோனுக்கு மட்டும் இதையே முழுதாக நம்பமாட்டேன். பிளேரைட்டோடு வருவது பக்கங்களை வரைந்துகாட்டும் வெப்கிட் எஞ்சின்தான், ஆப்பிளின் சஃபாரி அல்ல. விசைப்பலகை மேலெழும்போது படிவம் எப்படி நிற்கிறது என்பதை ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் கைபேசியிலேயே பார்த்துவிடுகிறோம்.