அரிசோனாவில் குளிர்காலத்துக்கு ஆர்.வி. பார்க் (வீட்டு வண்டியை நிறுத்தித் தங்கும் இடம்) பதிவு செய்பவர்களே, பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

2,850 டாலர் போய்விட்டது. இந்த சீசனுக்கே இன்னும் பலர் பதிவு செய்துகொண்டிருப்பீர்கள் என்பதால் கோபம் ஆறுமுன் எழுதுகிறேன்.

நானும் கணவரும் ஓய்வு பெற்றவர்கள். இடம் பிடித்துத் தரும் ஓர் இணையதளம் வழியாக, அங்கே யூமா என்ற ஊர்ப் பக்கம் ஒரு பார்க்கில் ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்தோம். மாதம் 950 டாலர். மூன்று மாதத்துக்கும் சேர்த்து, வங்கி ஆப் வழியாக அந்தத் தளத்தினர் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

கேட்டதற்கெல்லாம் தளத்தின் சார்பில் பேசிய அம்மா பொறுமையாகப் பதில் சொன்னார். கரண்ட் இணைப்பு 50 ஆம்பியரா? ஆமாம். கழிவுநீர்க் குழாய் நம் இடத்திலேயே உண்டா? உண்டு, ஃபுல் ஹூக்கப் (கரண்ட், தண்ணீர், கழிவுநீர் மூன்று இணைப்பும்). பார்க் வரைபடத்தில் எங்கள் இடத்தை வட்டம் போட்டு, கரண்ட் பெட்டியின் படத்தையும் அனுப்பினார். 50, 30, 20 என்று மூன்று சாக்கெட்டும் அதில் தெளிவாகத் தெரிந்தன. இதற்குமேல் ஒருவர் எதைச் சரிபார்ப்பது?

போய்ப் பார்த்தால் படத்தில் இருந்தது வேறு வரிசைப் பெட்டி. எங்களுடையதில் 30 ஆம்பியர் மட்டும், அதுவும் பிடிப்பு தளர்ந்து ஓரம் கருகிய சாக்கெட். இது சின்ன வித்தியாசம் இல்லை. 30 ஆம்பியர் என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட். 50 ஆம்பியரில் இரண்டு லைன், மொத்தம் 12,000 வாட். 1,500 வாட் ஹீட்டர் ஒன்றே 12.5 ஆம்பியர் இழுக்கும். கூடவே வாட்டர் ஹீட்டரும் மைக்ரோவேவும் ஓடினால் பிரேக்கர் விழும். இரவில் எல்லா வண்டியிலும் ஹீட்டர் போடும்போது வோல்டேஜ் 104க்குக் கீழே இறங்கி, எங்கள் பாதுகாப்புக் கருவி கரண்டையே துண்டித்தது. அந்தக் கருவி இல்லாத வண்டியில் ஏசி கம்ப்ரஸர் கெட்டுப்போகலாம். கழிவுநீர்க் குழாயும் இல்லை. டேங்க் நிரம்பும்போதெல்லாம் வண்டியைக் கிளப்பி, பார்க்கின் மறுகோடியில் இருக்கும் பொதுக் குழிக்கு ஓட்ட வேண்டும். கரண்ட் பில் மீட்டர்படி தனி என்பதையும் போனபிறகுதான் சொன்னார்கள்.

பார்க் ஆபீஸில் கேட்டால், "பணம் வாங்கியது நாங்கள் இல்லை, அந்தத் தளத்தைக் கேளுங்கள்." தளத்தில் கேட்டால், "இட வசதி பார்க்கின் பொறுப்பு." வங்கியில், "நீங்களே அனுப்பிய பணம், திரும்ப எடுக்க முடியாது." இப்போது யாரும் போனே எடுப்பதில்லை. 2,850 டாலர்!

அதே அரிசோனாவில், குவார்ட்ஸைட் அருகே லா போசா அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க 180 டாலர்தான். அங்கே கரண்ட் இணைப்பு கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள். ஸ்டேட்மெண்ட் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். ஆம்பியர், கழிவுநீர்க் குழாய், கரண்ட் பில் மூன்றையும் இட எண்ணோடு எழுதி வாங்குங்கள். பிளக்கைச் செருகுமுன் மீட்டரைப் படமெடுங்கள். முதலில் ஒரு வாரத்துக்கு மட்டும் கட்டுங்கள். மொத்தமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள்.