திருவான்மியூர் மணலுக்குத் தக்கைப்பூண்டா, மண்புழு உரமா?

சென்னையின் கடலோர மணலில் நீரும் தங்காது, சத்தும் தங்காது. வெயிலோ மட்கை (மக்கிய கரிமப் பொருளை) வேகமாகச் சிதைத்துவிடும். அதை ஈடுகட்ட இரு வழி: மண்புழு உரம், அல்லது மண்ணிலேயே வளர்த்துப் புதைக்கும் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு.

மண்புழு உரம் நர்சரியில் மூட்டையாகக் கிடைக்கும். மாடித் தொட்டிகளுக்கு அதுவே நல்லது; தோட்டம் முழுவதற்கும் வாங்கினால் செலவு கையைக் கடிக்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) அதில் ஏறத்தாழ 1 முதல் 2 சதவீதம்தான். 46 சதவீதம் கொண்ட யூரியாவோடு அதை ஒப்பிடுவது சரியில்லை. யூரியா மண்ணுக்கு மட்கைத் தருவதில்லை.

தரையில் தோட்டம் இருந்தால் நான் தயங்காமல் தக்கைப்பூண்டையே சொல்வேன். செலவு விதைக்கு மட்டும். வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும். உவர் மண்ணையும் இது தாங்கும். ஆழ்குழாய் நீர் உப்பேறிய தெருக்களில் இது பெரிய வரம். ஆடியில் விதைத்து, ஏறத்தாழ 45 நாளில் பூக்கும் தருணத்தில் கொத்திப் புதைக்க வேண்டும். தண்டு முற்றவிட்டால் மட்க நாளாகும்.

எதுவானாலும் ஆண்டுதோறும் தொடர வேண்டும். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1843 முதல் தொழுவுரம் இடப்படும் கோதுமை நிலத்தில், உரமே இடாத பகுதியைவிட மண்ணில் இரு மடங்குக்கும் மேல் கரிமம் (மட்கின் முக்கியப் பகுதி) சேர்ந்திருக்கிறது. அது பல பத்தாண்டுகளில் சேர்ந்தது.